சாய்ந்தும் வீழாத கோபுரம்

கோபுரம் என்றதுமே நிமிர்ந்து நிற்கும் ஒரு வடிவந்தான் நம் மனக்கண் முன் தோன்றுகிறது. ஆனால் சாய்ந்து நின்ற ஒரே காரணத்தால் உலகப் புகழ் பெற்ற கோபுரமும் ஒன்று உண்டு. இத்தாலி தேசத்தில் பைசா நகரத்து மணிக்கோபுரமே அது.

கடல் வாணிபத்தால் பைசா நகரம் செல்வம் கொழித்திருந்த காலத்தில், 1173-ம் வருஷம், இதன் திருப்பணி தொடங்கிற்று. சலவைக் கல்லால் எட்டு நிலைகள் எழுப்புவது என்று நகரத்தார் தீர்மானித்தார்கள். ஆசை வானளாவியது, அஸ்திவாரமோ பத்தடி ஆழந்தான்! அதன் கீழே இருந்தவை ஆற்று வண்டலும் இளகிய களிமண்ணும்.

மூன்று நிலைகள் எழும்பிய சில வருஷங்களில் யுத்தங்கள் குறுக்கிட்டன. ஏறக்குறைய நூறு வருஷ காலம் வேலை நின்றுவிட்டது. அந்தத் தடையே கோபுரத்தைக் காப்பாற்றியது என்று சொன்னால் நேயர்கள் ஆச்சரியப்படக்கூடும். கட்டடத்தின் பாரத்தால் களிமண்ணிலிருந்த நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வெளியேறி, மண் இறுகிற்று. இடைவிடாது கட்டியிருந்தால் கோபுரம் அன்றே சரிந்திருக்கும் என்பது எஞ்சினியர்களின் முடிவு.

1272-ல் மீண்டும் தொடங்கியபோது தென்புறச் சாய்வு வெளிப்பட்டது. சிற்பிகள் மேல் நிலைகளைச் சற்றே வடக்கு நோக்கித் திருப்பிக் கட்டினார்கள். அதனால் கோபுரத்தின் உடலே சிறிது வளைந்து போயிற்று. உச்சி மணி மண்டபம் 14-ம் நூற்றாண்டில்தான் முடிவு பெற்றது.

இலவம்பஞ்சு மெத்தையின் மேல் பாத்திரங்களை அடுக்கிப் பார்த்தால் சாய்வின் காரணம் விளங்கும். ஒரு புறம் சிறிது அமிழ்ந்தால் பாரம் அப்புறமே சேர்கிறது. சேரச் சேர மேலும் அமிழ்கிறது.

எல்லா இடத்திலும் களிமண்ணே குற்றவாளி என்பதில்லை. ஜெர்மனியில் ஸுவர்ஹுசன் என்ற ஊரின் தேவாலயக் கோபுரம், ஈர நிலத்தில் ஓக் மரங்களைப் பரப்பி அவற்றின் மேல் கட்டப்பட்டது. நீரில் மூழ்கியிருந்தவரையில் மரம் கெடவில்லை. 19-ம் நூற்றாண்டில் நிலத்து நீரை வடித்ததும் மரம் உளுத்தது, கோபுரமும் சாய்ந்தது.

பைசாவுக்கே திரும்புவோம். 1838-ல் அடிப்பாகத்தைக் காண்பதற்காகச் சுற்றிலும் பள்ளம் தோண்டினார்கள், சாய்வு அதிகரித்தது. பிறகு முஸோலினி, கோபுரம் நிமிர வேண்டும் என்று உத்தரவிட்டார். 1934-ல் அஸ்திவாரத்தைத் துளைத்துச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். சர்வாதிகாரியின் ஆணைக்குக் களிமண் பணியவில்லை. கோபுரம் இன்னும் சற்றுச் சாய்ந்தது!

1989-ல் அதே தேசத்துப் பாவியா நகரில் ஒரு பழங்கோபுரம் திடீரென்று இடிந்து விழுந்தது. நான்கு பேர் மாண்டனர். அடுத்த வருஷமே பைசா கோபுரத்தின் கதவுகள் மூடப்பட்டன. அப்போது அதன் உச்சி சுமார் 15 அடி தெற்கே தள்ளியிருந்தது.

நிபுணர் குழு ஒன்று கூடிற்று. அதில் ஜான் பர்லண்ட் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரும் இருந்தார். முதலில் வடபுறத்து அடியில் ஈயக் கட்டிகளை அடுக்கிச் சாய்வைத் தடுத்து நிறுத்தினார்கள். பின்னர், 1999 முதல் 2001 வரை, வடபுறத்து நிலத்தில் சாய்வாகக் குழாய்களை இறக்கி, கொஞ்சங் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். உயர்ந்திருந்த பக்கம் மெல்லத் தாழ்ந்தது. உச்சி ஏறக்குறைய ஒன்றரை அடி வடக்கே மீண்டது. முற்றிலும் நிமிர்த்த அவர்கள் எண்ணவில்லை. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த சாய்வே போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். 2001 டிசம்பரில் ஜனங்கள் மீண்டும் படியேறினார்கள்.

அவசரமும் அதிகாரமும் சாய்த்த கோபுரத்தைப் பொறுமை தாங்கிக்கொண்டது. பாரமான காரியம் எதையும் தொடங்குமுன், அடியில் இருக்கும் மண்ணை அறிந்துகொள்வது நலம்.