ஒளியைத் திருப்பும் ஒலி, ஒலியைச் சுமக்கும் படலம்

அடுப்பு எரியும்போது அதன்மேல் எழும் காற்றின் வழியே எதிர்ச் சுவரைப் பாருங்கள். சுவர் நெளிவதுபோலத் தோன்றும். உண்மையில் நெளிவது சுவரன்று, ஒளியின் பாதை. சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. அடர்த்தி மாறும் இடத்தில் ஒளிவிலகல் எண்ணும் மாறுகிறது. ஒளி திசை திரும்புகிறது.

ஒலியும் அடர்த்தி மாற்றந்தானே? அது செல்லும் ஊடகத்தில் இறுக்கங்களும் தளர்ச்சிகளும் அடுத்தடுத்து அமைகின்றன. அப்படியானால் ஒலியைக் கொண்டு ஒளியைத் திருப்ப முடியுமா? முடியும் என்று 1922இல் பிரெஞ்சு விஞ்ஞானி லெயோன் பிரில்லுவான் கூறினார். 1932இல் அமெரிக்காவில் டிபையும் சியர்ஸும், பிரான்சில் லூக்காவும் பிக்காரும், கேளா ஒலி செல்லும் திரவத்தின் ஊடே ஒளியைச் செலுத்தி இதை மெய்ப்பித்தனர். ஒளி பல கற்றைகளாகப் பிரிந்தது. ஏன் பல என்பதற்கு 1935-36இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து விடை வந்தது. அதை அளித்தவர்கள் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமனும், அவருடன் பணியாற்றிய நாகேந்திர நாத்தும் ஆவர்.

இந்த விளைவைப் பயன்படுத்தும் கருவிகளை ஒலி-ஒளிக் கருவிகள் என்கிறோம். அசையும் உறுப்பு எதுவுமின்றி இவை ஒளிக்கற்றையைத் திருப்பும், வெட்டும், நிறம் பிரிக்கும். மூக்குக் கண்ணாடியிலோ மணிக்கட்டுப் பட்டையிலோ இவற்றைப் பொருத்த முடியுமானால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் ஆய்வுக்கூடங்களில் உள்ள கருவி பெரும்பாலும் உலோகப் பெட்டியில் அடைத்த ஒரு படிகம். அதை இயக்க ஒரு வாட் அளவுக்கு மின்திறன் செலவாவது வழக்கம். அந்த வெப்பத்தைத் தோல் தாங்காது. சிறு மின்கலமும் தாங்காது. படிகமோ வளையாது.

எந்தப் பொருள் நல்ல பொருள்?

குறைந்த ஆற்றலில் ஒளி நன்றாகத் திரும்ப வேண்டும். அதற்குப் பொருளின் இரண்டு பண்புகள் மிகவும் முக்கியம். ஒன்று, ஒளிவிலகல் எண். விளைவு இதன் ஆறாம் படிக்கு ஏற்ப உயர்கிறது. ஒளிவிலகல் எண் 1.5இலிருந்து 2 ஆனால் விளைவு ஐந்து மடங்குக்கு மேல் கூடும். மற்றொன்று, ஒலியின் வேகம். இங்கே கதை தலைகீழ்: வேகத்தின் மூன்றாம் படிக்கு எதிர் விகிதத்தில் விளைவு அமைகிறது. வேகம் பாதியானால் விளைவு எட்டு மடங்கு!

மெதுவான ஒலியால் இன்னொரு நன்மையும் உண்டு. உருகிய சிலிக்காக் கண்ணாடியில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 5,960 மீட்டர். நொடிக்கு நூறு கோடி முறை அதிரும் ஒலியை அதில் செலுத்தினால் அலைநீளம் ஏறக்குறைய 6 மைக்ரான். சிவப்பு ஒளி அங்கே சுமார் 6 பாகை திரும்பும். ஆர்சனிக் சல்பைடு என்ற கண்ணாடியில் ஒலியின் வேகம் சுமார் 2,600 மீட்டர்தான். அலைநீளம் 2.6 மைக்ரானாகச் சுருங்குகிறது. ஒளி சுமார் 14 பாகை திரும்புகிறது. இதன் ஒளிவிலகல் எண்ணும் 2.4க்கு மேல். ஆக, நாம் தேடிய இரண்டு பண்புகளும் ஒரே பொருளில் கிடைத்துவிட்டன. கந்தகம், செலினியம் போன்ற தனிமங்கள் சேர்ந்த இவ்வகைக் கண்ணாடிகளுக்குக் கால்கோஜனைடு கண்ணாடிகள் என்று பெயர்.

இக்கண்ணாடியை வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக்கினால், அது குளிர்ந்த பரப்பின்மீது மெல்லிய படலமாகப் படியும். ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள ஒலிக்கற்றையை ஒரு மைக்ரான் படலத்துக்குள் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதே ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்கு இடத்தில் செறிகிறது. குறைந்த மின்திறனே போதுமானதாகிறது. படலத்தை நாடுவதற்கு முதற் காரணம் இதுவே.

வேலியும் விரல்களும்

ஆனால் ஒலியும் ஒளியும் படலத்துக்குள்ளேயே நிற்க வேண்டுமே! ஒளியை நிறுத்துவது எளிது. ஒளிவிலகல் எண் குறைந்த பொருள்களை இருபுறமும் வைத்தால், முழு அக எதிரொளிப்பு அதைக் காத்துக்கொள்ளும். ஒலிக்கும் இதே விதிதான்: மெதுவான அடுக்கு, வேகமான இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இருந்தால் ஒலி அதிலேயே தங்கும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. வளைய வேண்டுமானால் அடித்தளம் பாலிஇமைடு போன்ற பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். அதில் ஒலியின் வேகம் ஆர்சனிக் சல்பைடில் உள்ளதைவிடவும் குறைவு. படலத்தில் செலுத்திய ஒலி பிளாஸ்டிக்குக்குள் இறங்கி, அங்கே வெப்பமாக வீணாகும். ஆகவே இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று மைக்ரான் தடிப்பில் சிலிக்காவை வேலியாக இட வேண்டும். சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1.46தான், ஒலிக்கு இட்ட வேலி ஒளிக்கும் வேலியாகிறது. 2011இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளையாத சில்லு ஒன்றில் சிலிக்காவுக்கு நடுவே ஆர்சனிக் சல்பைடைப் பொதிந்து, ஒலி-ஒளி இடைவினையைக் காட்டினர்.

ஒலியை உண்டாக்குவது யார்? இந்தக் கண்ணாடியால் அது இயலாது. மின்னழுத்தம் கொடுத்தால் சுருங்கி விரியும் அழுத்தமின் பொருள் ஒன்று வேண்டும். துத்தநாக ஆக்சைடுப் படலம் அதற்கு ஏற்றது. அதன்மேல் இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாற்போல் உலோக விரல்களை அமைப்பார்கள். இம்முறையை 1965இல் அமெரிக்காவில் வைட்டும் வோல்ட்மரும் வெளியிட்டனர். நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொரு விரலின் அகலமும் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 0.65 மைக்ரான்.

வளைத்தால் என்ன ஆகும்?

இப்போது நம்மிடம் நல்ல படலம் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள சிலிக்கா, ஆர்சனிக் சல்பைடு, துத்தநாக ஆக்சைடு மூன்றும் நொறுங்கக் கூடியவை. நீளம் நூற்றில் ஒரு பங்கு நீண்டாலே இத்தகைய படலங்களில் விரிசல் விழலாம். ஒரே ஒரு விரிசல் போதும், ஒலியும் ஒளியும் அங்கே சிதறிப் போகும்.

எழுதியதை அழிக்கும் ரப்பர் துண்டு ஒன்றை எடுங்கள். அதன் பக்கவாட்டில் சம இடைவெளியில் செங்குத்தான கோடுகள் வரைந்து வளையுங்கள். மேல்விளிம்பில் கோடுகள் விலகும், கீழ்விளிம்பில் நெருங்கும். நடுவிலோ இடைவெளி மாறாது! நீளவும் செய்யாமல் சுருங்கவும் செய்யாமல் நிற்கும் அந்தத் தளம்தான் நடுநிலைத் தளம்.

50 மைக்ரான் தடிப்புள்ள பட்டையை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைப்போம். நடுவிலிருந்து 25 மைக்ரான் தள்ளியுள்ள மேற்பரப்பு 1.25 விழுக்காடு நீளும். படலம் அங்கே இருந்தால் உடையும். அதையே நடுநிலைத் தளத்திலிருந்து ஒரு மைக்ரான் தூரத்தில் வைத்தால் நீட்சி 0.05 விழுக்காடுதான். படலத்தின் மேலும் கீழும் சம வலிமையுள்ள பிளாஸ்டிக் உறையிட்டால் போதும்.

இடையிடையே மென்மையான ரப்பர் போன்ற அடுக்கு ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது. தைக்காத தாள்கட்டு எளிதாக வளைவதற்குக் காரணம், தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதே. மென்மையான அடுக்கும் அத்தகைய நழுவலுக்கு இடம் தருகிறது. ஒன்றாக இருந்த நடுநிலைத் தளம் பலவாகப் பிரிகிறது. 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த வழியில் கால்கோஜனைடு கண்ணாடியில் ஒளிச்சுற்றுகளை அமைத்து, அரை மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்துக் காட்டினர். கண்ணாடி அப்படியேதான் இருந்தது. அது இருந்த இடந்தான் அதைக் காத்தது.

வெளியுறைக்கு இன்னொரு கடமையும் உண்டு. உள்ளே இருப்பது ஆர்சனிக் சேர்ந்த பொருள். வியர்வை உள்ளே போகவும் கூடாது. அது வெளியே வரவும் கூடாது. தோலில் அணியும் பொருளில் இதை ஒருபோதும் மறக்கலாகாது.

சிட்னியில் செய்தது வளையவில்லை. வளைத்துக் காட்டியது ஒளிக்கு மட்டுமே உரியது. இரண்டையும் இணைத்து, ஆயிரக்கணக்கான முறை வளைந்தபின்னும் பிரியாத அடுக்கை ஆக்குவதுதான் மீதமுள்ள வேலை. ஒளிக்கு ஓர் அடுக்கு, ஒலிக்கு ஒரு வேலி, அதிர்வுக்கு ஒரு படலம், வளைவுக்கு ஓர் உறை. எல்லாப் பண்புகளும் நிறைந்த ஒரு பொருளுக்காகக் காத்திராமல், குறையுள்ள பொருள்களைச் சரியான வரிசையில் அடுக்குவதே இந்த வடிவமைப்பின் சாரம். அந்த வரிசையைக் கண்டறியத் தேவையான இயற்பியலில் பெரும்பகுதி உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.