பேட்டரி புதுசு, பேக்கப் மட்டும் இல்லை: உங்கள் வீட்டு யுபிஎஸ்ஸில் என்ன பிரச்சினை?

"தம்பி, நேத்துதான் புது பேட்டரி வச்சுட்டுப் போனாங்க. இன்னைக்குக் கரண்ட் போன கால் மணி நேரத்துல ஃபேன் நின்னுருச்சுப்பா." ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால், சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் பிள்ளைக்கு முதல் சந்தேகம் கடைக்காரர் மேல்தான் வரும். பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட்டாரோ? அப்படியும் இருக்கலாம். ஆனால் கடைக்குச் சண்டைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

தமிழகத்தில் யுபிஎஸ் வீட்டுச் சாமான் ஆனது 2008-க்குப் பிறகான மின்வெட்டுக் காலத்தில். 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. அப்போது வாங்கிய பெட்டி பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மட்டும் மாறுகிறது. புது பேட்டரி போய்ச் சேருவது பழைய பெட்டி, பழைய ஒயர், பழைய செட்டிங்கிடம் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையை ஒட்டிய அரும்பாவூரை எடுத்துக்கொள்வோம். மரச்சிற்பங்களுக்காக 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற ஊர். உளிக்குக் கரண்ட் தேவையில்லை, ஆனால் பட்டறை விளக்குக்கும் ஃபேனுக்கும் தேவை. சுற்றிலும் விவசாய மோட்டார்கள் ஓடும் இதுபோன்ற ஊர்களில், டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு லோ வோல்டேஜ் தொல்லை வரலாம். யுபிஎஸ் ஏமாற்றுவது பெரும்பாலும் அங்கேதான்.

பெரும்பாலான ஹோம் யுபிஎஸ்களின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் 'யுபிஎஸ்', மறுபக்கம் 'நார்மல்' அல்லது 'ஈகோ'. யுபிஎஸ் மோடில் வைத்தால், லைன் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே போனதுமே பெட்டி அதைக் கரண்ட் கட் என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடும். கம்ப்யூட்டருக்கு அது நல்லது. ஆனால் வீட்டுக்கு? தெருவில் கரண்ட் இருக்கும், பக்கத்து வீட்டில் டிவி ஓடும், உங்கள் வீட்டு ஃபேன் மட்டும் பேட்டரியில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சார்ஜும் ஏறாது. ராத்திரி நிஜமாகவே கரண்ட் போகும்போது பேட்டரி ஏற்கெனவே பாதி காலி. நார்மல் மோடில் 100 வோல்ட் அளவு வரைகூடப் பல பெட்டிகள் தாக்குப்பிடிக்கும். பேட்டரி மாற்றுவதற்காகப் பெட்டியை இழுத்துத் திருப்பும்போது இந்த சுவிட்ச் நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ரொம்ப நாளாகவே அங்கேதான் இருந்தது என்றால், பழைய பேட்டரியைச் சீக்கிரம் சாகடித்ததும் அதுவாகவே இருக்கலாம்.

பக்கத்திலேயே இன்னொரு சுவிட்ச்: டியூபுலர், ஃப்ளாட், எஸ்எம்எஃப். பேட்டரி வகைக்கு ஏற்ப சார்ஜிங் வோல்டேஜ் மாறும். எஸ்எம்எஃப் செட்டிங்கில் டியூபுலரை வைத்தால் அது ஒருபோதும் முழுசாக நிறையாது. தலைகீழாக வைத்தால் இன்னும் மோசம்: சீல் வைத்த பேட்டரி சூடாகி உப்பும்.

அடுத்தது டெர்மினல். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 500 வாட் லோடுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 50 ஆம்பியர் ஓடுகிறது. நட் கொஞ்சம் லூஸாகவோ, முனையில் பூஞ்சை பூத்தோ இருந்து 0.02 ஓம் தடை வந்தாலே ஒரு வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். கூடவே 50 வாட் சூடு. பேட்டரியில் 11.8 வோல்ட் இருக்கும்போது பெட்டிக்குத் தெரிவது 10.8. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து லோ பேட்டரி பீப் அடித்து நின்றுவிடும். லோடு ஓடும்போது மல்டிமீட்டரால் பேட்டரி முனையில் ஒருமுறையும் பெட்டியில் ஒயர் சேரும் இடத்தில் ஒருமுறையும் அளந்தால் குட்டு உடையும். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தப்பு ஒயரிலோ ஜாயின்ட்டிலோதான்.

பெட்டி ஆனே ஆகவில்லையா? சிவப்பும் கறுப்பும் மாற்றிக் கொடுத்திருக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸோடு போகும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட்டுகளும் காலி. அது சர்வீஸ்காரர் வேலை.

ஆபீஸ் வேலைக்கு மேஜைக்கடியில் வைக்கும் சின்ன யுபிஎஸ் கதை வேறு. அதில் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி. மாற்றியதும் 'பேட்டரி மாற்றவும்' விளக்கு அணையாவிட்டால் பதற வேண்டாம். ஒரு ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு செல்ஃப் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். சில மாடல்கள் பழைய பேட்டரியின் கணக்கையே நினைவில் வைத்துக்கொண்டு 'இன்னும் 3 நிமிடம்' என்று காட்டும். அவற்றுக்குக் கேலிபரேஷன் வேண்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் எதிர்பார்த்த நேரம் வரவில்லை என்றால் எதிர்பார்ப்பைப் பாருங்கள். 150 ஆம்பியர் அவர் என்பது 20 மணி நேரம் மெதுவாக, அதாவது 7.5 ஆம்பியர் வீதம், எடுக்கும்போது கிடைக்கும் அளவு. மூன்று பழைய ஃபேன், நாலு எல்இடி, ஒரு வைஃபை என்றால் சுமார் 275 வாட். பேப்பரில் ஆறரை மணி நேரம். வேகமாக உறிஞ்சும்போது குறையும் கொள்ளளவையும் பெட்டியின் இழப்பையும் கழித்தால் நாலு மணி நேரம் வந்தாலே நல்லது. முழு சார்ஜுக்கு 10 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால், வைத்த அன்றே சோதித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால்தான் பேட்டரி மேல் சந்தேகம். முழுசாக சார்ஜ் ஏற்றி, கழற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.6 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். 10.5 காட்டினால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது என்று கொள்ளலாம். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்.

கழற்றும்போது மெயினையும் பெட்டியையும் ஆஃப் செய்து, வளையல், மோதிரத்தைக் கழற்றி, கறுப்பு ஒயரை முதலில் எடுக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். மரத்தூள் பறக்கும் பட்டறையிலோ மூடிய படுக்கையறையிலோ பேட்டரி வேண்டாம். பழசைக் காயலான் கடையில் போடுவதைவிட, புதுசு வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்ச் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. வாரன்ட்டி கார்டில் சீரியல் நம்பரும் கடை சீலும் இருக்கிறதா என்று அப்போதே பார்த்து, ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.