சுற்றுப் பாதையின் செலவை யார் சுமப்பது?

ஹட்டன் வீதியில் மரக்கறி லொறிகள் இறங்கிப் போவதைப் பார்க்கும்போது நம்மில் பலருக்கு ஒரு கேள்வி எழும். மலையில் விளைந்த கரட்டும் லீக்ஸும் தம்புள்ளைச் சந்தை வரை போய், அங்கே விலை பேசப்பட்டுப் பிற ஊர்களுக்குத் திரும்புவது ஏன்? நேரே போனால் செலவு குறையாதா?

கடலிலும் இதே கதைதான். தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கொள்கலன்களில் பல, முதலில் சிறிய கப்பலில் கொழும்புக்கு வருகின்றன. இங்கே இறக்கப்பட்டுப் பெரிய கப்பலில் ஏற்றப்படுகின்றன. பாதையும் சுற்று, ஏற்றி இறக்கும் கூலியும் கூடுதல். ஆனாலும் அது இலாபமே. 20,000 கொள்கலன் சுமக்கும் கப்பல் ஆழம் குறைந்த துறைமுகத்துக்குள் நுழைய முடியாது. ஊர் ஊராக நின்று போனால் நாட்களும் எரிபொருளும் வீணாகும். பல ஊர்ச் சரக்கு ஓரிடத்தில் சேர்ந்து கப்பல் நிறையும்போது ஒரு பெட்டிக்கு விழும் செலவு குறைகிறது. கொழும்பு, கிழக்கு மேற்குக் கடற்பாதைக்கு அருகில் இருப்பதால் அதற்கு வாய்ப்பான இடம். அங்கே கையாளப்படும் கொள்கலன்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படிக் கப்பல் மாறிப் போவனவே.

இன்னொரு சுற்றுப் பாதையும் உண்டு. அது விரும்பித் தேர்ந்ததல்ல. 1967 முதல் 1975 வரை சூயஸ் கால்வாய் மூடப்பட்டிருந்தபோது, கப்பல்கள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின், 2024 இல் பெரும்பாலான கொள்கலன் கப்பல்கள் மீண்டும் அந்த வழியையே பிடித்தன. ஐரோப்பாவுக்குப் பயணம் பத்து நாட்களும் அதற்கு மேலும் நீண்டது. எரிபொருள், மாலுமிகளின் சம்பளம், காப்புறுதி எல்லாம் ஏறின. ஒரு கப்பல் ஆண்டுக்குச் செய்யும் பயணங்களும் குறைந்ததால் கப்பற்கூலி பல மடங்காயிற்று.

அந்தக் கூலியை யார் கொடுப்பது? நமது தேயிலை கொழும்பு ஏலத்தில் விற்கப்படுகிறது. வாங்குபவர் கப்பற்கூலியையும் கணக்கில் வைத்தே விலை கேட்பார். வெளிநாட்டில் விலையை உயர்த்த முடியாவிட்டால், அந்தச் சுமை ஏலத்திலிருந்து தொழிற்சாலைக்கும், அங்கிருந்து கொழுந்து விற்கும் சிறு தோட்டக்காரருக்கும் இறங்கி வரும். கடலைக் காணாத குடும்பமும் கப்பற்கூலி கொடுக்கிறது.

ஆகவே சுற்றுப் பாதை என்றாலே நட்டம் என்று நாம் எண்ண வேண்டியதில்லை. சுற்றுவதால் என்ன மிச்சம், அந்த மிச்சம் யாருக்குப் போகிறது என்று கேட்க வேண்டும். இடம்பெயர்ந்து புதிய மண்ணில் பயிரிடும் குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஒரு வீட்டின் இரண்டு மூடைக்காக லொறி வராது. வந்தாலும் வாடகை மூடையின் விலையை விழுங்கிவிடும். பத்து வீட்டார் ஒரே நாளில், ஓரிடத்தில் மூடைகளைச் சேர்த்தால் அந்த இடமே நமது சிறிய துறைமுகம். சற்றுத் தூரம் சுமக்க வேண்டியிருக்கலாம். ஆனால் வாடகை பத்தாகப் பிரியும். நிறுவைச் சீட்டையும் அன்றைய சந்தை விலையையும் நாமே எழுதி வைத்தால், மிச்சமும் நம் கையில் நிற்கும்.