சோபாவுக்காக வீடா, வீட்டுக்காக சோபாவா? அளவெடுத்து அழகாக்கலாம் வாங்க!

சித்திரை பிறந்தால் தேனி மாவட்டம் வீரபாண்டியில் வீடுகளுக்குள் தனிப் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். முல்லையாற்றங்கரையில் இருக்கும் கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வெளியூர்ச் சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். தீச்சட்டி, ஆயிரங்கண் பானை என ஊரே திரண்டிருக்கும். வீட்டுக்கு வெள்ளையடித்தாச்சு, பாத்திரம் தேய்த்தாச்சு. அடுத்து எழும் கேள்வி, 'வர்றவங்களை எங்கே உட்கார வைக்கிறது?'

இந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் கிடைக்கும் அவசரப் பதில், ஒரு சோபா செட். ஷோரூமில் பார்க்கும்போது அடக்கமாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் வந்ததும் பாதி ஹாலை அடைத்துக்கொள்ளும். பீரோ கதவு முழுதாகத் திறக்காது. பாட்டிக்கு அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அவர் பழையபடி பிளாஸ்டிக் சேருக்கே போய்விடுவார். சில மாதங்களில் நடுவில் பள்ளம் விழும், ரெக்ஸின் உரியத் தொடங்கும். இஎம்ஐ முடிவதற்குள் சோபா முடிந்துவிடும்.

நம் வீட்டுக்கு ஏற்றபடி அளவெடுத்துச் செய்துகொண்டால் இந்தச் சிக்கல்களில் பலவற்றைத் தவிர்க்கலாம். 'அதெல்லாம் பெரிய பங்களாவுக்குத்தான்' என்று நினைக்க வேண்டாம். தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் வசதியும் உண்டு. மெத்தைக்கும் திண்டுக்கும் தேவையான பஞ்சு இந்த மலையடிவாரத்திலேயே காய்க்கிறது.

மரத்தில் காய்க்கும் மெத்தை

'இலவு காத்த கிளி' கதை நமக்குத் தெரியும். காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் கிடைத்தது வெறும் பஞ்சு. கிளிக்கு ஏமாற்றமாகப் போன அந்தப் பஞ்சுதான் போடிநாயக்கனூரில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஏலக்காய்க்குப் பெயர்போன போடி, இலவம் பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் அதே அளவுக்குப் பெயர் பெற்றது. வருசநாடு, கடமலைக்குண்டு பகுதிகளிலும் இலவ மரங்கள் உண்டு.

கோடையில் காய்கள் முற்றும். அவற்றைப் பறித்து, வெயிலில் உலர்த்தி, ஓட்டை உடைத்து, பஞ்சையும் விதையையும் பிரிப்பார்கள். இந்தப் பஞ்சின் இழை உள்ளே குழல்போல வெற்றிடமாக இருக்கும். இழையின் கனஅளவில் சுமார் 80 சதவிகிதம் காற்றுதான். மேலே மெழுகு போன்ற பூச்சும் இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. அதனால்தான் செயற்கைப் பொருள்கள் பரவுவதற்கு முன், உலகம் முழுக்கக் கடலில் மிதப்பதற்கான உயிர்காப்பு அங்கிகளில் இதை அடைத்தார்கள். வழவழப்பான குட்டை இழை என்பதால் தனியாக நூல் நூற்பது கடினம். அடைப்பதற்கென்றே பிறந்த பஞ்சு இது. ஐந்து பொருள்களால் ஆனதாக நம் முன்னோர் சொன்ன பஞ்ச சயனத்திலும் இலவம் பஞ்சுக்கு இடம் உண்டு.

ஃபோம் மெத்தைகள் வந்த பிறகு இந்தத் தொழிலுக்குப் போட்டி கூடிவிட்டது. உள்ளூரில் ஒரு மெத்தை, இரண்டு திண்டு ஆர்டர் கொடுத்தால் அந்தக் காசு இந்தப் பள்ளத்தாக்கிலேயே சுற்றும்.

முதலில் டேப், பிறகு கடை

டிசைன் பார்ப்பதற்கு முன் அளவு பாருங்கள். ஹாலின் நீளம், அகலம், வாசல், ஜன்னல், ஸ்விட்ச் போர்டு, கதவு திறக்கும் திசை எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். சோபா வரவேண்டிய இடத்தில் பழைய செய்தித்தாள்களை அதே அளவுக்கு ஒட்டி, தரையில் விரித்துவிடுங்கள். இரண்டு நாள் அதைச் சுற்றி நடமாடுங்கள். பெருக்கும்போது இடிக்கிறதா, குழந்தை சைக்கிள் ஓட்ட இடம் இருக்கிறதா, பாய் விரித்து நான்கு பேர் படுக்க முடிகிறதா என்பது தெரிந்துவிடும்.

நடக்கும் பாதைக்குக் குறைந்தது இரண்டரை அடி விடுங்கள். டீப்பாய் போடுவதாக இருந்தால் சோபாவுக்கும் அதற்கும் இடையில் 15 முதல் 18 அங்குலம் போதும். வீட்டு வாசல், மாடிப்படித் திருப்பம் ஆகியவற்றின் அளவையும் மறக்க வேண்டாம். உள்ளே நுழையாத சோபாவால் யாருக்கும் பயனில்லை.

சின்ன ஹாலுக்கு சோபா செட்டைவிட திவான் பொருத்தம். சுவரோரம் ஒரு கட்டில், அதன்மேல் மெத்தை, முதுகுக்கு இரண்டு திண்டு. பகலில் உட்காரலாம், இரவில் படுக்கலாம். அடியில் டிராயர் வைத்தால் போர்வை, தலையணை எல்லாம் உள்ளே போய்விடும். விருந்தாளிகள் வந்து தங்கும் வீடுகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

யார் உட்காரப் போகிறார்கள்?

சோபாவில் அதிக நேரம் உட்காரப்போவது யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் தாத்தா, பாட்டி என்றுதான் வரும். ஆனால், அவர்களைக் கேட்காமலேயே வாங்கிவிடுவோம்.

பெரியவர்களுக்குச் சாதாரணமாக 17 முதல் 18 அங்குல உயரம் சரியாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 19, 20 அங்குலம்கூட வைக்கலாம். இது ஒருவர் உட்கார்ந்து குஷன் அமுங்கிய பிறகு இருக்க வேண்டிய உயரம். இருக்கையின் ஆழம் 20 அங்குலத்தைத் தாண்டினால் உயரம் குறைந்தவர்களுக்கு முதுகு சாயாது, கால் தொங்கும். கைப்பிடி உறுதியாக இருந்தால்தான் ஊன்றி எழ முடியும். பாட்டியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அவர் சுலபமாக எழும் உயரத்தை டேப்பால் அளந்து, அதையே ஆசாரியிடம் சொல்லுங்கள். அளவெடுத்துச் செய்வதன் முழுப் பயனும் இந்த ஓர் இடத்தில் தெரிந்துவிடும்.

காசு உள்ளே போகட்டும்

கண்ணுக்குத் தெரிவது துணி. ஆயுளைத் தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் சட்டமும் அடைப்பும். பட்ஜெட் இடித்தால் துணியில் குறையுங்கள், சட்டத்தில் குறைக்காதீர்கள். துணியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

சட்டத்துக்கு நன்கு உலர்ந்த, பூச்சி அரிக்காத மரமாக இருக்க வேண்டும். துணி போர்த்துவதற்கு முன், வெறும் சட்டமாக இருக்கும்போதே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். ஆட்டிப் பார்த்தால் ஆடக் கூடாது.

இருக்கைக்கு ஃபோம் நல்லது. 'எத்தனை டென்சிட்டி?' என்று கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதைச் சொல்லும் எண் அது. தினமும் புழங்கும் இருக்கைக்கு 32 முதல் 40 வரை இருந்தால் சீக்கிரம் பள்ளம் விழாது. சாயும் பகுதிக்கு அதைவிடக் குறைவானது போதும்.

இலவம் பஞ்சு எங்கே பொருந்தும்? திண்டு, தலையணை, முதுகுக் குஷன், திவான் மெத்தை ஆகியவற்றுக்கு அருமையாகப் பொருந்தும். சோபாவின் இருக்கைக்கு வேண்டாம். தொடர்ந்து உட்கார உட்கார அமுங்கி, கட்டிதட்டிவிடும். மெத்தையாக இருந்தாலும் அவ்வப்போது வெயிலில் காயவைத்துத் தட்டிவிட வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்து, பஞ்சை உதிர்த்து, குறைந்ததை நிரப்பித் தைக்க வேண்டியிருக்கும். இழை நழுவி வெளியே வரும் என்பதால் நெருக்கமாக நெய்த மெத்தைத் துணியில்தான் அடைக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். இலவம் பஞ்சு சட்டெனத் தீப்பிடிக்கும். விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் எதையும் அருகில் வைக்காதீர்கள். பஞ்சு அடைக்கும்போது தூசு பறக்கும் என்பதால், வீசிங் தொல்லை உள்ளவர்கள் அந்த இடத்தில் நிற்க வேண்டாம்.

'அசல் இலவம் பஞ்சு' என்று சொல்லிக் கழிவுப் பஞ்சைக் கலப்பதும் உண்டு. அதனால் தைப்பதற்கு முன்பே பஞ்சைப் பாருங்கள். இலவம் பஞ்சு இளமஞ்சள் கலந்த வெண்மையில், பட்டுபோல மினுங்கும். கையில் எடையே தெரியாது. ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். வெளுத்த கழிவுப் பஞ்சு சீக்கிரமே நனைந்து அமிழும்.

துணி, நிறம், வெயில்

மேற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அடர்நிறத் துணி மாலை வெயிலில் வெளுக்கும். அங்கே கனமான திரை போடுங்கள் அல்லது இளநிறத்துக்கு மாறுங்கள். ரெக்ஸின் துடைக்கச் சுலபம். ஆனால் நம் வெயிலுக்கு வியர்த்து ஒட்டும், நாள்பட வெடிக்கும். பருத்தி குளுமையாக இருக்கும், கறை பிடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஜிப் வைத்துக் கழற்றும் உறைதான் நிம்மதி. பருத்தித் துணியைத் தைப்பதற்கு முன்பே ஒருமுறை நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கி, குஷனுக்குள் ஏறாது.

எல்லாவற்றையும் புதுசாக வாங்க வேண்டும் என்பதில்லை. அம்மாவின் பழைய கைத்தறிச் சேலை, திண்டு உறையாக இன்னும் பல வருடம் வாழும். கரூரில் தயாராகும் திரைச்சீலை, குஷன் உறைகள் வெளிநாடுகளுக்கே போகின்றன. புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமுக்காளம் ஒன்றை திவான்மேல் விரித்தால், அந்த ஹாலுக்கு வேறு அலங்காரமே வேண்டாம். நிறத்தில் ஒரே ஒரு விதி போதும். சுவரும் பெரிய சாமான்களும் அமைதியான நிறத்தில் இருக்கட்டும். அழுத்தமான நிறத்தைத் திண்டுக்கும் திரைக்கும் கொடுங்கள். சலித்துப்போனால் சின்னதை மாற்றுவது சுலபம்.

பழைய சோபாவைத் தூக்கிப்போடாதீர்கள்

சட்டம் உறுதியாக இருந்தால் பழைய சோபாவுக்கு மறுபிறவி கொடுக்கலாம். பட்டை, ஸ்பிரிங், ஃபோம், துணி ஆகியவற்றை மட்டும் மாற்றினால் போதும். ஜீப், ஆட்டோ, டூவீலர் சீட் தைக்கும் குஷன் ஒர்க்ஸ் கடைகளில் சோபா வேலையும் செய்வதுண்டு. தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி பரணில் கிடக்கிறதா? இன்றைய விலைக்கு அப்படி ஒரு மரம் கிடைப்பது கஷ்டம். பாலிஷ் போட்டு, ஒரு குஷன் தைத்தால் ஹாலின் நாயகனே அதுதான்.

ஆர்டர் கொடுக்கும் முன்...

* மரம், அடைப்பு, துணி, தையல் கூலி என நான்குக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். மொத்த விலையில் எது குறைந்தது என்பதே தெரியாது.
* அளவு, டென்சிட்டி, துணி வகை, கொடுக்கும் தேதி எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்.
* துணியின் சிறு துண்டை வாங்கிவந்து, உங்கள் வீட்டுப் பகல் வெளிச்சத்திலும் இரவு லைட்டிலும் பாருங்கள்.
* பெரிய பூ, கோடு போட்ட துணியில் டிசைனைப் பொருத்தித் தைக்கக் கூடுதல் மீட்டர் ஆகும். தைப்பவரிடம் கேட்ட பிறகே துணி எடுங்கள்.
* மீந்த துணியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கிழிந்தால் ஒட்டுப்போட அதே நிறம் கடையில் கிடைக்காது.
* முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். உட்கார்ந்து பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள்.
* விசேஷத்துக்கு முந்தின வாரம் ஆர்டர் கொடுத்தால் அவசர வேலைதான் கிடைக்கும். இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றத் தேவையில்லை. இந்த மாதம் இரண்டு திண்டு, அடுத்து திவான் மெத்தை, பிறகு திரை என்று கையிருப்புக்கு ஏற்ப நகரலாம். கடன் இல்லாமல் சேர்ந்த சாமானில் உட்காரும்போது முதுகுக்கு மட்டுமல்ல, மனசுக்கும் சாய்மானம் கிடைக்கும்!