பரிசுப் பணமும் பங்கீடும்

பௌலிங் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டு மாணவர்க்குக் கிரிக்கெட்டில் பந்து வீசுதலே நினைவுக்கு வரும். ஈண்டுக் கூறப்புகுவது அதுவன்று. வழவழப்பான நீண்ட மரத்தளத்தின் ஒரு முனையில் புட்டி போன்ற வடிவுடைய பத்து முளைகளை முக்கோணமாக நிறுத்திவைத்து, மறுமுனையிலிருந்து கனமான பந்தை உருட்டி அவற்றை வீழ்த்தும் ஆட்டமே இது. ஆடுவோன் நிற்கும் எல்லைக்கோட்டிற்கும் முதல் முளைக்கும் இடையே 60 அடி தொலைவு உண்டு. பந்தின் எடை 16 பவுண்டுக்கு மேற்படலாகாது. ஓர் ஆட்டத்தில் ஒருவன் பெறத்தக்க மிகப் பெரிய எண் 300. அமெரிக்க நாட்டில் இவ்வாட்டம் பெரிதும் பரவியுள்ளது. 1895-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் 'அமெரிக்கன் பௌலிங் காங்கிரசு' என்னும் அவை தோன்றி, இடத்துக்கு இடம் வேறுபட்டுக் கிடந்த இதன் விதிகளை ஒருமைப்படுத்தியது.

அந்நாட்டில் தொழிலாளரும் ஆசிரியரும் கடைக்காரரும் முதியோரும் வாரம் ஒரு மாலை ஆட்டக்கூடத்தில் கூடி, அணி அணியாகப் பிரிந்து, இலையுதிர் காலம் தொடங்கி வேனில் வரையில் ஆடுவர். இத்தகைய கூட்டத்தை 'லீக்' என வழங்குவர். இவர்கள் ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர் அல்லர். உழைத்துக் களைத்த உடலுக்கும் உள்ளத்துக்கும் மகிழ்ச்சி தேடி வருபவர். ஆயினும் இவர்களிடையேயும் பணம் புகுகின்றது. பணம் புகுமிடத்தில் வழக்கும் உடன் புகுதல் இயல்பன்றோ?

அப்பணம் வரும் வழியை முதலில் அறிதல் வேண்டும். லீக்கின் பரிசுப் பணம் பெரும்பாலும் வள்ளல் ஒருவர் வழங்கியதன்று; ஆடுவோரே வாரந்தோறும் செலுத்திய சந்தாவின் ஒரு பகுதியாகும். எடுத்துக்காட்டாக, அணிக்கு நால்வராக எட்டு அணிகள் உள்ள ஒரு லீக்கைக் கொள்வோம். ஒவ்வொருவரும் வாரம் 20 டாலர் செலுத்துகின்றனர். அதில் 14 டாலர் கூடத்தின் வாடகைக்கும், 1 டாலர் கணக்கு எழுதும் செயலாளருக்கும் போக, 5 டாலர் பரிசு நிதியில் சேர்கின்றது. 32 பேர் 30 வாரம் ஆடினால் நிதி 4,800 டாலராகும். இதில் ஒவ்வோர் அணியும் இட்டது 600 டாலர். வெல்லும் அணியும் தோற்கும் அணியும் ஒருபடித்தாகவே இட்டுள்ளன என்பதை மறத்தலாகாது. இந்நிதியை எவ்வாறு பங்கிடுவது?

பணத்துக்கு முன்னே ஆட்டத்திலேயே ஒரு நேர்மை வேண்டப்படுகின்றது. பல்லாண்டு பழகியவனும் சென்ற திங்கள் பந்தைத் தொட்டவனும் எதிரெதிரே நின்றால் முடிவு முன்னரே தெரிந்ததாகும். ஆதலின், தேர்ச்சி குறைந்தவனுக்குச் சில எண்களைக் கூட்டித் தரும் வழக்கம் ஏற்பட்டது. ஆட்டக்காரர் இதனை 'ஹேண்டிகேப்' என்பர்; நாம் ஈட்டெண் எனலாம். 200 என்னும் எண்ணை அடிப்படையாகக் கொண்டு, ஒருவனது சராசரி அதனினும் எவ்வளவு குறைகின்றதோ அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அவனுக்குக் கூட்டுதல் ஒரு முறை. சராசரி 180 உடையவனுக்கு 18 எண்ணும், 120 உடையவனுக்கு 72 எண்ணும் கிடைக்கும். இருவரும் தத்தம் சராசரிப்படியே ஆடினால் முன்னவன் 198, பின்னவன் 192. திறமுடையவன் சற்றே முன்நிற்பான். மற்றவன் அன்று கொஞ்சம் நன்றாக ஆடினால் வெல்லவுங்கூடும். முழு வேறுபாட்டையும் ஈடு செய்யாது சிறிது விட்டுவைத்தமை எனக்கு நல்லறிவாகவே தோன்றுகின்றது. பயின்றதன் பயன் அடியோடு அழிந்துவிடலாகாது. ஆனால் இம்முறையில் ஒரு கள்ளவழி உண்டு. ஈட்டெண் மிகுதியாகப் பெற வேண்டி, வேண்டுமென்றே தாழ ஆடித் தன் சராசரியைக் குறைத்துக் கொள்வார் சிலர். இவருக்கு 'சாண்டுபேகர்', அதாவது மணல்மூட்டைக்காரர், என்னும் இழிபெயர் வழங்குகின்றது. இவரைத் தடுத்தற்பொருட்டுச் சென்ற ஆண்டின் சராசரியையும் பார்த்து, இரண்டில் உயர்ந்ததை எடுத்துக்கொள்ளும் லீக்குகளும் உள்ளன.

இனிப் பங்கீட்டிற்கு வருவோம். முதல் மூன்று இடம் பெற்ற அணிகளே நிதி முழுவதையும் பெறுக என்பார் ஒரு சாரார். போட்டி என்றால் வெற்றிக்கே பரிசு என்பது அவர் வாதம். எல்லா அணிகளுக்கும் சமமாகக் கொடுத்துவிடுக என்பார் மற்றொரு சாரார். அவ்வாறு செய்தால் இட்ட 600 டாலரையே திரும்பப் பெறுவதாகும். பரிசு என்னும் பெயர்க்கே அங்கு இடமில்லை. முதற்கூற்றின்படி செய்தாலோ, கடைசியில் நிற்கும் அணி ஆண்டுதோறும் பிறர்க்கு வரி செலுத்துவது போலாகிவிடும். அவ்வணி மறு ஆண்டு வாராது. வாரம் ஒரு மாலை மகிழ்ந்திருக்கக் கூடிய கூட்டம் இவ்வாறே சிறுகச் சிறுகக் கலையும்.

ஆதலின் இரண்டிற்கும் இடைப்பட்டதொரு வழியைப் பல லீக்குகள் கைக்கொள்கின்றன. ஒரு மாலையில் இரண்டு அணிகள் மூன்று ஆட்டம் ஆடும். ஆட்டம் ஒன்றுக்கு ஒரு புள்ளி, மூன்றின் கூட்டுத்தொகையில் மிகுந்த அணிக்கு மேலும் ஒரு புள்ளி, ஆக நான்கு. நம் லீக்கில் வாரம் நான்கு போட்டிகள் நடைபெறுவதால் 16 புள்ளிகள். 30 வாரத்தில் 480 புள்ளிகள். நிதியில் 3,600 டாலரைப் புள்ளிகளுக்கென ஒதுக்கினால், புள்ளி ஒன்றுக்கு ஏழரை டாலர் ஆகின்றது. 75 புள்ளி ஈட்டிய அணி 562 டாலர் 50 சென்டும், 45 புள்ளியே ஈட்டிய அணி 337 டாலர் 50 சென்டும் பெறும். எஞ்சிய 1,200 டாலரில் முதலிடத்துக்கு 400, இரண்டாமிடத்துக்கு 240. மீதி 560 தனியாள் பரிசுகளுக்கு. இம்முறையில் கடைசி அணிக்கும் ஒவ்வொரு மாலையும் ஆடுதற்கு ஒரு காரணம் உண்டு. அது வென்ற ஒற்றை ஆட்டமும் வீண்போவதில்லை.

தொடர் இடையிலே நின்றுவிட்டால் என் செய்வது? இது வெறுங் கற்பனையன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய் பரவியபோது அமெரிக்காவில் பற்பல மாநிலங்களின் ஆட்டக்கூடங்கள் மூடப்பட்டன. முடிவுறும் தறுவாயிலிருந்த எண்ணற்ற லீக்குகள் முடியாமலே நின்றன. பரிசு நிதி கையில் இருந்தது. வென்றவர் யாரென்று கூற இயலவில்லை.

வியப்பு யாதெனின், இதே வினா ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே எழுந்துள்ளது. இத்தாலி நாட்டுத் துறவியும் கணித அறிஞருமாகிய லூக்கா பச்சியோலி, 1494-இல் வெனிசு நகரில் அச்சான தம் கணித நூலில், இடையில் நின்றுபோன ஒரு பந்தாட்டத்தைப் பற்றி ஆராய்கின்றார். முதலில் 60 புள்ளி எடுப்பவர் பணயம் முழுவதையும் பெறுவர்; ஆட்டம் ஒன்றுக்கு 10 புள்ளி. ஒரு சாரார் 50-உம் மறு சாரார் 20-உம் எடுத்திருக்கையில் ஆட்டம் நின்றது. எடுத்த புள்ளிகளின்படி ஐந்துக்கு இரண்டாகப் பங்கிடுக என்றார் அவர். கேட்பதற்கு நேர்மையாகவே தோன்றுகின்றது. ஆனால் 1556-இல் வெளிவந்த தம் நூலில் தார்த்தாலியா என்னும் மற்றோர் இத்தாலியர் இதனை மறுத்தார். ஒருவர் 10 புள்ளி மட்டும் எடுத்து, மற்றவர் ஒன்றும் எடுக்காதபோது ஆட்டம் நின்றால், பச்சியோலியின் விதிப்படி முன்னவரே அனைத்தையும் கொள்ள வேண்டுமே. ஆட்டம் தொடங்கிய அளவிலேயே இது தகுமோ என்பது அவர் வினா.

விடை கண்டவர் பிரான்சு நாட்டுப் பாசுகலும் பெர்மாவும் ஆவர். 1654-இல் இவ்விருவரும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களே நிகழ்தகவு என்னும் கணிதத்துறைக்கு வித்தாயின. எடுத்த புள்ளியைப் பாராதே, எடுக்க வேண்டுவதைப் பார் என்பது அவர் கண்ட நெறியின் சாரம். மேற்சொன்ன ஆட்டத்தில் முன்னவருக்கு வேண்டுவது ஒரே வெற்றி. பின்னவருக்கு வேண்டுவன நான்கு. இருவரும் சம வலியினர் ஆயின், பின்னவர் தொடர்ந்து நான்கு முறை வெல்லும் வாய்ப்பு பதினாறில் ஒன்றே. பணயத்தை 112 பொற்காசு எனக் கொண்டால், பச்சியோலி 80-உம் 32-உம் எனப் பிரிப்பார். இவர்கள் 105-உம் 7-உம் எனப் பிரிப்பர்.

அங்ஙனமாயின் பச்சியோலி கூறியது முற்றும் பிழையோ எனின், அன்று. பணம் எதற்காக வைக்கப்பட்டது என்பதே இங்கு நோக்கத்தக்கது. இறுதியில் வெல்பவர்க்கென வைத்த பணயத்திற்கு அவர் விதி பொருந்தாது; ஆனால் புள்ளிக்கு இவ்வளவு என்று விலை வைத்த பணத்திற்கு அதுவே பொருந்தும். நம் லீக்கில் இருவகைப் பணமும் உண்டு. 29 வாரம் முடிந்து கடைசி மாலை மட்டும் எஞ்சியபோது கூடம் மூடப்பட்டதாகக் கொள்வோம். ஒவ்வோர் அணியும் ஈட்டிய புள்ளிக்கு ஏழரை டாலர் வீதம் தயக்கமின்றிக் கொடுத்துவிடலாம். அவை முடிந்துபோன வெற்றிகள். முதலிடப் பரிசோ முடியாத ஆட்டத்தின் பணயம். கடைசி மாலையில் மோத வேண்டியிருந்தவை முதல் இரண்டு அணிகளே. முதல் அணி 3 புள்ளி முந்தியிருந்தது. மூன்றாம் அணி எட்டாத தொலைவில் நின்றது. இரண்டாம் அணி முந்த வேண்டுமாயின் நான்கு புள்ளியையும் கொள்ள வேண்டும். அதாவது மூன்று ஆட்டத்தையும் வெல்ல வேண்டும். மூன்றையும் வென்றால் கூட்டுத்தொகைப் புள்ளி தானே வரும். ஈட்டெண் முறை அணிகளை ஏறத்தாழச் சமமாக்கியிருத்தலால், அதற்குரிய வாய்ப்பு எட்டில் ஒன்று எனலாம். இரண்டு அணிகளுக்கும் 240 டாலர் உறுதி. வழக்கில் உள்ளது 160 டாலரே. அதனை எட்டுக் கூறாக்கி ஏழு கூறு முதல் அணிக்கும் ஒரு கூறு இரண்டாம் அணிக்கும் தந்தால், அவை முறையே 380-உம் 260-உம் பெறும்.

இதனை எல்லாரும் ஒப்புவரோ எனின், தொடர் நின்றபின் கேட்டால் ஒப்பார். முந்தி நிற்கும் அணி 400 டாலரையும் தனக்கே கேட்கும். பிந்திய அணி இரண்டு பரிசையும் கூட்டிச் சரிபாதி கேட்கும். யார் முந்துவர் என்று எவரும் அறியாத தொடக்க வாரங்களிலேயே இவ்விதியை எழுதி, உறுப்பினர் வாக்கெடுத்து வைத்துவிட வேண்டும். அப்பொழுது ஒவ்வொருவரும் தாம் எந்த அணியின் நிலையில் இருக்கப்போகின்றோம் என்பதை அறியாராதலால், தம் நலத்தை நோக்கியே வாக்களித்தாலும் அது பொதுநலமாகவே முடியும்.

இன்னும் ஒரு சிறு தொகை எஞ்சியுள்ளது. கடைசி வாரச் சந்தாவைத் தொடக்கத்திலேயே பெற்றுக்கொள்ளும் லீக்குகள் உண்டு. நம் லீக்கும் அவ்வாறு பெற்றிருப்பின், ஆடாத மாலைக்குரிய 14 டாலர் வாடகையைக் கூடத்தாரிடமிருந்து திரும்பப் பெற்று ஒவ்வொருவருக்கும் அளித்தல் வேண்டும். அம்மாலையின் 16 புள்ளிகளுக்கென ஒதுக்கிய 120 டாலரும் இருக்கின்றது. அதனை எந்த அணியும் ஈட்டவில்லை. ஆகவே அது 32 பேருக்கும் தலைக்கு 3 டாலர் 75 சென்ட் வீதம், முதல் அணியினர் கடைசி அணியினர் என்னும் வேறுபாடின்றி, வந்த வழியே திரும்பிச் செல்லும்.