கல்லூரி மாணவர்களிடையே உண்ணல் கோளாறுகள்

உண்ணல் கோளாறு என்பது உணவு, உடல் எடை, தோற்றம் ஆகியவை பற்றிய எண்ணங்களும் பழக்கங்களும் உடல்நலத்தைக் கெடுக்கும் அளவுக்கு மாறிவிடும் மனநோய் ஆகும். இது பெரும்பாலும் வளரிளம் பருவத்திலோ கல்லூரிப் பருவத்திலோ தொடங்குகிறது. பெண்களிடம் மிகுதியாகக் காணப்பட்டாலும் ஆண்களையும் பாதிக்கிறது.

வகைகள்

பசியற்ற உளநோய் (அனோரெக்சியா நெர்வோசா) உள்ளவர் உணவை மிகவும் குறைத்து, ஆபத்தான அளவுக்கு மெலிகிறார். புலிமியா உள்ளவர் குறுகிய நேரத்தில் மிகுதியாக உண்டு, பின்னர் வாந்தி எடுத்தோ பேதி மருந்து உட்கொண்டோ அதை ஈடுகட்ட முயல்கிறார். எடை இயல்பாகவே இருக்கக்கூடும். இவ்வாறு ஈடுகட்டாமல் அடிக்கடி அளவுமீறி உண்பது மிகையுண்ணல் கோளாறு.

தமிழ்நாட்டில் ஆய்வு

மனநல மருத்துவர்கள் டி. என். சீனிவாசன், டி. ஆர். சுரேஷ் முதலானோர் 1995இல் வெளியிட்ட ஆய்வில் 210 மருத்துவ மாணவர்கள் பங்கேற்றனர். அவர்களில் 31 பேருக்கு உணவு, எடை குறித்த மன உளைச்சல் இருந்தது. ஆனால் அது முழு நோய் என்று சொல்லும் அளவை எட்டவில்லை. இந்நிலையை ஆய்வாளர்கள் தனியே வகைப்படுத்தினர்.

கண்டறிதலில் உள்ள சிக்கல்

உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதிகளில் காலைப் பேருந்தைப் பிடிக்க உண்ணாமல் கிளம்புவதும், விரதம் இருப்பதும் இயல்பானவை. இதனால் நோய் எளிதில் மறைந்துவிடுகிறது. இந்திய நோயாளிகள் சிலர் எடை கூடும் அச்சத்தைச் சொல்லாமல், "பசியில்லை", "வயிறு உப்புகிறது" என்றே கூறுகின்றனர். இரத்தசோகை அல்லது வயிற்றுப்புண் எனக் கருதி மருந்து வாங்குவதோடு நின்றுவிடுவதும் உண்டு.

மயக்கம், மாதவிடாய் நின்றுபோதல், எப்போதும் குளிர்தல், பற்சிப்பி தேய்தல், உண்டவுடன் கழிவறைக்குச் செல்லுதல், விடுதியில் பிறருடன் உண்ண மறுத்தல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். தொடர் வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு பாதிக்கப்படலாம்.

உதவி வழிகள்

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 சூலையில் நெறிமுறை வகுத்தது. சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களுடன் முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022 திசம்பரில் கல்லூரி மாணவர்களுக்காக 'மனம்' எனும் மனநல நல்லாதரவு மன்றத் திட்டத்தைத் தொடங்கியது.

ஆலோசகர் மட்டும் போதாது. உடல் பரிசோதனையும் தேவை. எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை உத்திரமேரூர் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். மனநல மருத்துவரைக் காண காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லலாம். பயணம் செய்ய இயலாதவர்கள் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமும் மாணவர்களைத் தடுக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியின் தகவல்களை மருத்துவர் இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

சிகிச்சை

உளவியல் சிகிச்சை, உணவு ஆலோசனை, உடல்நலக் கண்காணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே சிகிச்சை அமைகிறது. இளையோருக்குக் குடும்பத்தின் பங்கேற்பு பெரிதும் உதவும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக மிகுதியான உணவு கொடுத்தால் இரத்தத்தில் தாது உப்புகளின் சமநிலை குலைந்து உயிராபத்து நேரலாம். எனவே மருத்துவர் மேற்பார்வையில் உணவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.