கலப்பினப் பயிரின் தாய்வழி அறிதல்

ஆட்டையாம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் மரவள்ளி பயிரிடும் குடியானவர்களுக்கு எச்-165, எச்-226 என்னும் பெயர்கள் பழக்கமானவை. இவை 1971-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தினின்று வெளிவந்த கலப்பினங்கள். கலப்பினம் ஒன்றுக்குத் தாய் எது, தந்தை எது என்பதைப் பதிவேடு கூறும். பதிவேடு இல்லாதவிடத்துத் தாயைப்பற்றி இலையே சாட்சி கூறும்.

இலைக்குப் பசுமை தரும் பசுங்கணிகங்கள் தமக்கெனத் தனி டி.என்.ஏ. உடையவை. பெரும்பாலான பயிர்களில் அவை சூலின் வழியாகவே சந்ததிக்கு வருகின்றன. மகரந்தத்தின் வழியாக வருவதில்லை. 1909-இல் ஜெர்மானிய அறிஞர் காரென்ஸ், அந்திமந்தாரையின் இலைநிற வேறுபாடு தாயைப் பின்பற்றி வருவதைக் கண்டறிந்தார்.

கோயமுத்தூர்க் கரும்பு இதற்கு நல்ல சான்றாகும். 1912-இல் அங்கு நிறுவப்பட்ட நிலையத்தில் பார்பர், வெங்கட்ராமன் ஆகியோர் உழைப்பால், வெள்ளை என்னும் தடித்த கரும்பையும் காட்டு நாணலையும் கூட்டி கோ. 205 பெறப்பட்டது, அது 1918-இல் பயிருக்கு வந்தது. இக்காலத்துக் கரும்பினங்களின் பசுங்கணிகத்தைச் சோதித்தபோது, ஏறக்குறைய யாவும் தடித்த கரும்பின் வழியினவே என்று தெரிந்தது. காட்டு நாணல் தந்தையாக நின்று வலிமையைத் தந்ததேயன்றிப் பசுங்கணிகத்தைத் தரவில்லை.

எல்லாப் பயிருக்கும் ஒரே தாய்வழி அமைவது ஆபத்துடையது. 1970-இல் அமெரிக்காவில் மக்காச்சோளக் கலப்பினங்களிற் பெரும்பாலானவை டெக்சாஸ் என்னும் ஒரே தாய்வழியைக் கொண்டிருந்தன. அத்தாய்வழியில் வரும் மைட்டோகாண்ட்ரியா என்னும் வேறொரு நுண்ணுறுப்பின் குறைபாட்டால் அவை இலைக்கருகல் நோய்க்கு எளிதில் இரையாயின. நாட்டின் விளைச்சலில் சுமார் 15 சதவீதம் அழிந்தது. ஆதலின் வெவ்வேறு தாய்வழிகளைப் பயிரிற் சேர்ப்பது அவசியம்.

இச்சோதனைக்கு எல்லையும் உண்டு. இது தந்தையைக் காட்டாது. ஒரே தாயின் இரு கலப்பினங்களைப் பிரித்தறியாது. அதற்கு உட்கருவின் டி.என்.ஏ. சோதனை வேண்டும். கரணையில் தேமல் நோய் உண்டா என்பதையும் இது கூறாது.

ஆகவே மரவள்ளிக் கரணை வாங்கும்போது இனத்தின் பெயர், கொடுத்தவர், வாங்கிய நாள் ஆகியவற்றைக் குடியானவர் எழுதி வைத்தல் நலம். தேமல் காணாத செடிகளினின்றே கரணை எடுத்தல் வேண்டும். கிராமாதிகாரிகள் இவ்விரண்டையும் தத்தம் ஊரார்க்கு எடுத்துரைப்பார்களாக.